பாட்டை ஏற்று ஆட்டத்தை இகழலாமோ?

நாம் விரும்பிக் கேட்கும் பாட்டுகளுள் ஆடலைப் பொருளாகக் கொண்டவை எத்துணை! சீர்காழி முத்துத்தாண்டவர் தில்லைக் கூத்தனை முன்னிறுத்திப் பாடிய பதங்களையும் கீர்த்தனங்களையும் எண்ணுக. கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கூத்தனது நடனத்தை வியந்து வசந்தா இராகத்தில் அமைத்த கீர்த்தனத்தை எண்ணுக. பிரிக்பீல்ட்ஸ் கச்சேரியிலாயினும், கிள்ளான் திருமண மண்டபத்திலாயினும், நாதசுரக்காரர் அவற்றுள் ஒன்றை எடுத்தால் தலை அசைக்காதார் யார்? தொடையில் தாளம் போடாதார் யார்?

அவ்வாறு தலை அசைப்பவரை நெருங்கி, "உம் மகள் ஆடலையே தன் வாழ்வுத் தொழிலாகக் கொள்ளலாமா?" என்று வினவுக. முகம் சிறிது சுருங்கும். "அரங்கேற்றம் வரையில் போதும்; பிறகு படிப்பைக் கவனிக்க வேண்டும்" என்னும் விடை வரும். "பத்துமலை ஊர்வலத்தில் உறுமி மேளத்துக்கு ஆடுகின்றாரே, அவர் உமக்கு உறவா?" என்று வினவுக. முகம் முழுதும் சுருங்கிவிடும். கூத்தாடும் இறைவன் நமக்குத் தெய்வம். கூத்தாடும் மனிதனோ நமக்கு வசைச்சொல். "கூத்தாடி" என்னும் பெயரை நாம் எப்பொழுது எடுக்கின்றோம், எத்தொனியில் எடுக்கின்றோம் என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சையே கேட்டுக்கொள்க.

பாட்டை ஏற்பவன் ஆட்டத்தை இகழ்வது அறமாகுமா? இதுவே ஈண்டு ஆராயப்புகும் வினா. இது கலைச்சுவை பற்றிய வினாப் போலத் தோன்றும். உற்று நோக்கின் மனிதரைப் பற்றிய வினா என்பது விளங்கும். பாட்டைப் பாடியவரிடமிருந்து பிரித்தெடுக்கலாம், ஏட்டில் எழுதலாம், இசைத்தட்டில் அடைக்கலாம், பிறர் வாயால் பாடுவிக்கலாம். ஆட்டத்தை அங்ஙனம் பிரித்தல் இயலாது. ஆடுபவரின் உடம்பே ஆட்டம். படம் பிடித்து வைத்தாலும் அப்படத்தில் தெரிவது அவர் உடம்பேயன்றோ? ஆகவே, பாட்டைக் கொண்டு பாடியவரைத் தள்ளிவிடலாம்; ஆட்டத்தைக் கொள்ள விரும்பினால் ஆடுபவரையும் ஏற்றேயாக வேண்டும். இங்கேதான் நம்மவர் மனம் தயங்குகிறது.

ஆங்கில வழியில் கல்வி பயின்ற என்போன்றோர்க்கு மியூசிக் என்பது ஒரு பாடம்; டான்ஸ் என்பது மற்றொரு பாடம்; கவிதையோ மூன்றாவது அறையில் நடைபெறும் வகுப்பு. தமிழ் இம்மூன்றையும் ஒரு வீட்டில் வாழவைத்த மொழி. இயல், இசை, நாடகம் என்று எண்ணும்போதே ஒன்றின் தோளில் மற்றொன்று கை போட்டுக்கொண்டு நிற்கக் காண்கிறோம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பாருங்கள். மாதவி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கு ஏறுகின்றாள். அவள் ஆடலைக் கூறுமுன் இளங்கோவடிகள் யார் யாரைக் கூறுகின்றார்? ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டு இயற்றும் புலவன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரை ஒவ்வொருவராக நிறுத்தி, அவரவர்க்கு இருக்க வேண்டிய அறிவை வகுத்துரைக்கின்றார். எட்டுக்கோல் நீளமும் ஏழுகோல் அகலமும் ஒருகோல் உயரமுமாக அமைந்த அந்த மேடையில், ஒரு சிறுமியின் அடியொன்று பெயர்வதற்கு இத்தனை கலைஞர் துணை நிற்கின்றனர்.

அதே காப்பியத்து ஆய்ச்சியர் குரவை இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. மதுரைப் புறஞ்சேரியில் தீய நிமித்தங்களைக் கண்ட மாதரி, கண்ணகி காண ஆய்மகளிர் எழுவரை வட்டமாக நிறுத்துகின்றாள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயர்களையே அவ்வெழுவர்க்கும் இடுகின்றாள். சுரமே பெண்ணாகி நிற்கின்றது. பெண்ணே சுரமாகி ஆடுகின்றாள். இசை எங்கே முடிகிறது, ஆடல் எங்கே தொடங்குகிறது என்று அவ்வட்டத்தில் யார் கோடு கிழிக்க வல்லார்? அவர்கள் அரண்மனைப் பெண்டிரல்லர். மாடு மேய்த்து மோர் விற்கும் குடியினர் என்பதும் கருதத்தக்கது.

காப்பியத்தை விடுத்து லயத்து வாசலுக்கு வருவோம். கும்மிக்கு மத்தளம் வேண்டுமா? ஆடும் பெண்டிரின் கைகளே தாளம். அவர்கள் கை ஓய்ந்தால் பாட்டும் நின்றுவிடும். கிரேக்க நாட்டு அறிஞர் பிளேட்டோ "சட்டங்கள்" என்னும் தம் நூலில், கூட்டமாகப் பாடி ஆடப் பயிலாதவனைக் கல்லாதவன் என்றே கருதுகின்றார். அவ்வளவுகோலைக் கொண்டு அளந்தால், எழுத்தறியாத நம் பாட்டிமார் கற்றவர் வரிசையில் சேர்வர். பட்டம் பெற்ற நம்மில் பலர் எவ்வரிசையில் நிற்போம்?

நல்ல பாட்டு தனக்குள்ளேயே அடிவைப்பை ஒளித்து வைத்திருக்கும். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மேல் இயற்றிய காவடிச்சிந்தைப் படித்தாலும் கால் நிலைகொள்ளாது. தோளில் சுமையேற்றி மலைவழி செல்வோன் களைப்பு அறியாதபடி, மூன்றெண் நடையில் துள்ளும்படியாகச் சொற்களை அடுக்கினார் அவர். மேடைக் கச்சேரியில் நாம் கேட்கும் பதவர்ணம், பதம், ஜாவளி, தில்லானா ஆகியவை சதிரோடு ஒட்டி வளர்ந்தவை. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆடல் நிகழ்ச்சிக்கு அலாரிப்பு முதல் தில்லானா வரையில் ஒழுங்கு வகுத்தபொழுது, ஆடுபவளின் மூச்சுக்கும் அடிக்கும் அளவு பார்த்தே இசையை அமைத்தனர். இன்று ஆடுபவர் இன்றியே தில்லானாவைக் கேட்டு மகிழ்கிறோம். அந்த ஜதிகளுக்கிடையே உள்ள இடைவெளியில் ஒரு பெண்ணின் பாதம் இருந்தது என்பதை மறந்துவிடுகிறோம்.

மேல்நாட்டிலும் இது நிகழ்ந்தது. சரபாண்டு என்னும் ஆட்டம் நாணங்கெட்டது என்று கூறி, 1583இல் ஸ்பெயின் நாட்டு ஆட்சியினர் அதைத் தடுத்தனர். நூறாண்டுக்கு மேற்பட்ட காலம் கழிந்தபின், ஜெர்மானிய இசைப்புலவர் பாக் இயற்றிய இசைத்தொகைகளில் அதே சரபாண்டு மெல்ல நடந்து, பெரியோர் கண்மூடிக் கேட்கும் மேன்மையான இசையாயிற்று. ஆட்டம் பழிக்கப்பட்டது, அதன் இசை போற்றப்பட்டது. முதலில் ஆடிய பெண்டிரின் பெயரைக் கேட்டவர் எவருமிலர்.

நிற்க. தமிழகத்தில் இப்பிரிவு எங்ஙனம் நேர்ந்தது? முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 400 தளிச்சேரிப் பெண்டிரைக் குடியேற்றி, ஒவ்வொருவர்க்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு நூறு கலம் நெல் விளையும் பங்கும் அளித்தான் என்று அக்கோயில் கல்வெட்டே கூறும். நட்டுவரும் பாடுவோரும் கருவி இசைப்போரும் அதே கல்வெட்டில் இடம் பெற்றுள்ளனர். ஆடலும் பாடலும் ஒரே படியால் அளக்கப்பட்டு வாழ்ந்த காலம் அது. பின்னாளில் கோயில் மானியம் குறைந்தது. மன்னர் ஆதரவு மறைந்தது. செல்வர் வலை விரிந்தது. பொட்டுக்கட்டும் வழக்கம் பெண் குழந்தைகளைப் பிறர் உடைமையாக்கும் கொடுமையாயிற்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் முழங்கினார். அவ்வழக்கத்துள் வளர்ந்து வெளியேறிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் அதன் சூழ்ச்சிகளை ஒரு நாவலாகவே எழுதி வெளியிட்டார். 1947இல் சட்டம் வந்தது. பொட்டுக்கட்டுதல் ஒழிந்தது.

அச்சட்டம் நியாயமானதே. அதில் ஐயம் வேண்டா. ஒரு பெண் குழந்தையின் வாழ்வைவிட எக்கலையும் பெரிதன்று. ஆனால், குற்றம் எதில் இருந்தது? பெண்ணைப் பொருளாக்கிய வழக்கத்தில் இருந்தது. அவள் காலில் கட்டிய சலங்கையில் இல்லை. நம்மவரோ இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பழித்தனர். சென்னை மியூசிக் அகாடமி 1931இல் கல்யாணியின் புதல்வியர் இருவரை மேடையேற்றியது. ருக்மிணி தேவி 1935இல் அடையாற்றில் ஆடினார்; அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரம் தோன்றியது. சதிர், பரதநாட்டியம் என்னும் பெயர் பெற்றுப் பெரிய வீடுகளில் புகுந்தது. கலை மதிப்புப் பெற்றது. அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பங்களுள் பல அம்மதிப்பில் பங்கு பெறவில்லை. வீட்டை வெள்ளையடித்து அலங்கரித்துவிட்டு, அதில் வாழ்ந்தவளை வெளியே நிறுத்தியது போன்ற செயல் இது.

அக்குடும்பங்களுள் ஒன்றில் தோன்றிய பாலசரஸ்வதி இதற்கு விடை போல நின்றார். அவர் பாட்டி வீணை தனம்மாள். தாய் ஜெயம்மாள் பாட மகள் ஆடினார். அபிநயம் பிடிக்கும்போது தாமும் உடன் பாடுவார். பாட்டு வேறு, ஆட்டம் வேறு என்பதை அவர் ஒருநாளும் ஒப்பவில்லை. 1973இல் மியூசிக் அகாடமி தன் உயர்ந்த இசைப்பட்டமாகிய சங்கீத கலாநிதியை அவர்க்கு அளித்தது. ஆடுபவர் ஒருவர் அப்பட்டம் பெற்றது அதுவே முதன்முறை. இசையுலகம் தன் உடன்பிறந்தாளை அடையாளம் கண்டுகொள்ள அத்தனை காலம் ஆயிற்று!

பெண்ணின் உடம்புக்கு நேர்ந்த இழிவே உழைப்பவன் உடம்புக்கும் நேர்ந்தது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை எடுத்துக்கொள்வோம். ஆதனூர்ப் பண்ணையாள் நந்தன் கேட்பது என்ன? பொன்னா? நிலமா? தில்லையில் நடக்கும் கூத்தைக் காண ஒருநாள் விடுப்பு. ஆண்டையாகிய வேதியர், நாற்பது வேலி நிலத்துக்கு வேலை முடித்தபின் போ என்கின்றார். தோட்டத்தில் வாழ்ந்த நம் முன்னோர்க்கு இக்கதையை விளக்க வேண்டுமா? விடுப்புக் கேட்டு ஆபீசு வாசலில் நின்றவர்க்கு நந்தன் அயலானல்லன். கடைசியில் தில்லையை அடைந்த நந்தன், தீயில் மூழ்கி எழுந்தபின்னரே கூத்தனைக் காண்கின்றான். இதைப் பக்தியின் வெற்றி என்பர். யான் கேட்பது இது: அவன் பாட்டு அவனுக்கு முன்பே தில்லை சேர்ந்துவிட்டது, அவன் உடம்பு மட்டும் ஏன் எரிய வேண்டும்? நந்தன் பாட்டைத் தமிழுலகம் மேடைதோறும் பாடிக் களித்தது. அவன் இனத்தார் கோயிலுள் நுழைய 20ஆம் நூற்றாண்டிலும் போராட வேண்டியிருந்தது.

காரைக்கால் அம்மையார் வரலாறும் இதனையொத்ததே. கணவன் பொருட்டுச் சுமந்த அழகிய உடம்பை உதறிப் பேயுருக் கொண்டபின், இறைவன் ஆடும்போது அவன் அடிக்கீழ்ப் பாடிக்கொண்டிருக்கும் வரத்தை வேண்டுகின்றார். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் எலும்பும் நரம்புமாய் அமர்ந்து, கையில் தாளம் ஏந்தி அவர் காட்சி தருகின்றார். ஆடலுக்குத் தாளம் போடும் அந்த அம்மையாரின் முகத்தில் என்ன மகிழ்ச்சி! எனினும், பெண்ணொருத்தி பெண்ணுடம்போடு அவ்விடத்தில் அமர இயலாதிருந்தது ஏன் என்று நாம் கேட்டிருக்கின்றோமா?

இனி நம் நாட்டுக்கு வருவோம். பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் நடைபெற்று வருகின்றது. கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி இரதம் புறப்படும். காவடிகள் 272 படிகளையும் ஏறும். உறுமியின் இழுப்பும் தவிலின் அதட்டலும் கேட்டவுடன் காவடி தானே சுழலும். இளங்கோவடிகள் கண்ட ஆடல் பாடல் ஒருமை இந்நாட்டில் எங்கே உயிரோடிருக்கின்றது என்று யாரேனும் கேட்டால், பத்துமலை அடிவாரத்தையும் தோட்டத்துக் கோயில் திருவிழாவையும் யான் காட்டுவேன்.

கிள்ளானை அடுத்த ஒரு தோட்டத்தில் யான் கிராணி வேலை பார்க்கின்றேன். பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்களில் பிறநாட்டுத் தொழிலாளர் மிகுந்துவிட்டனர். எஞ்சியுள்ள தமிழ்க் குடும்பங்கள் சிலவே. அவற்றுள் ஒரு பெரியவர், காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது தலையைத் தாழ்த்தியே "இருக்கேன் ஐயா" என்பார். நாற்பதாண்டு குனிந்து உழைத்த முதுகு நிமிர்வதேயில்லை. ஆடித் திருவிழாவில் உறுமி ஒலித்ததும், அதே முதுகு நேராக நிமிர்ந்து கண்டேன். கரகத்தைத் தலையில் ஏற்றி, ஒரு துளியும் சிந்தாமல் அரைமணி நேரம் ஆடினார். தாளம் மாறுமுன் அவர் கால் மாறியது. மேளக்காரர்தாம் அவர் காலைப் பார்த்து அடித்தனர். பட்டணத்திலிருந்து வந்திருந்த உறவினர் சிலர் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து நகைத்தனர். அந்த நகைப்பில் என்ன இருந்தது? தாளப் பிழை இருந்ததா? இல்லை. ஆடியவர் கூலிக்காரர் என்பதே அவர்க்கு நகைப்பாயிற்று.

உடம்பை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒருவனுக்கு மற்றொருவன் கட்டளையிடுவது பெரிய அடிமைத்தனம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் முதலியோர் வழிகாட்ட வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, துரைமாரும் தோட்டத்து உத்தியோகஸ்தரும் எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் சிலர் உயிர் துறந்தனர். வயிற்றுக்கு வேண்டியதைக் கேட்டவர்கள் நிமிர்ந்து செல்லும் உரிமையையும் உடன் கேட்டனர் என்பது நினைவில் நிற்க வேண்டும். ஆடலும் அத்தகையதே. பிறர் கட்டளைக்குக் குனிந்த உடம்பு, தன் விருப்பத்துக்கு நிமிரும் நேரம் அது.

இவ்வுண்மையைப் பாரதியார் நன்கு அறிந்திருந்தார். விடுதலை வருமுன்னரே வந்துவிட்டதாகக் கொண்டு அவர் பாடிய சுதந்திரப் பள்ளு, ஆடலை அழைக்கும் பாட்டுகளுள் யான் மிக விரும்புவது. ஒரு நாட்டின் விடுதலையைப் பாட அவர் எவ்வடிவத்தைத் தேர்ந்தார்? வயலில் சேற்றில் நின்ற பள்ளர் குடியின் களியாட்டத்தைத் தேர்ந்தார். தாழ்த்தப்பட்டவன் காலெடுத்து ஆடும் நாளே விடுதலை நாள் என்பது அவ்வடிவத்துக்குள்ளேயே இருக்கும் பொருள். அவர் 1921இல் மறைந்தார். 1947 ஜனவரியில், விடுதலைக்குச் சில திங்கள் முன், ஏ.வி.எம்மின் "நாம் இருவர்" படத்தில் டி. கே. பட்டம்மாள் அப்பாட்டைப் பாட, சிறுமியாயிருந்த கமலா ஆடினார். பாட்டும் ஆட்டமும் ஒன்றையொன்று தழுவிய அக்காட்சி இன்றும் காண இனியது. எனினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாடிய குரல் உழவர் குரலன்று. ஆடிய கால் உழவர் காலன்று. உழவர் பாட்டு அரண்மனை ஏறியது; உழவர் வாசலிலேயே நின்றனர்.

"உறுமி ஆட்டத்தில் குடியும் கலகமும் புகுகின்றனவே, அதையும் போற்றுவதோ?" என்று சிலர் வினவுவர். வேண்டா. குடியைக் கடிக, கலகத்தைத் தடுக்க. திருமண விருந்திலும் குடி புகுந்துள்ளது. அதற்காகத் திருமணத்தைப் பழிப்பாருண்டோ? வேறு சிலர், "பரதம் தூயது; அதை வளர்த்தால் போதும்" என்பர். வளர்க. ஆயின், சென்னையிலிருந்து பாடகரையும் நட்டுவனாரையும் வரவழைத்து, மண்டபம் பிடித்து, பட்டும் நகையும் பூட்டி, திருமணச் செலவு செய்து நடத்தும் அரங்கேற்றம் தோட்டத்துச் சிறுமிக்கு எட்டுமா? அவளுக்கு எட்டுவது பள்ளி விழாவில் ஒலிபெருக்கியில் முழங்கும் சினிமாப் பாட்டு ஒன்றே. உயிருள்ள பாடகர் இல்லை. அவள் அடியைப் பார்த்துத் தட்டும் கையும் இல்லை. பிறகு, "நம் பிள்ளைகள் சினிமா ஆட்டம் ஆடுகிறார்கள்" என்று நாமே குறை கூறுகின்றோம்!

கதவைத் திறந்தவர்களும் உண்டு. 1981இல் தோன்றி, பிரிக்பீல்ட்ஸில் இயங்கிவரும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் நிலையம் இசையையும் ஆடலையும் ஒரே கூரையின்கீழ்க் கற்பித்து வருகின்றது. காஜாங்கில் பிறந்த மலாய் முஸ்லிமாகிய ராம்லி இப்ராஹிம், பரதமும் ஒடிசியும் பயின்று, 1983இல் சூத்ரா என்னும் குழுவை அமைத்தார். 2018இல் இந்திய அரசு அவர்க்குப் பத்மஸ்ரீ அளித்தது. பிறப்பும் சமயமும் கேளாமல் ஆடல் அவரை ஏற்றுக்கொண்டது. வேற்றினத்தார் ஒருவர் நம் கலையில் ஓங்கியதற்கு மகிழ்ந்து கை தட்டுகின்றோம், தட்டத்தான் வேண்டும். நம் இனத்து உழைப்பாளி ஆடும்போது அக்கை ஏன் முடங்குகின்றது?

ஆகவே, தோழர்களே, செய்யத்தக்கவை சில உள. கோயில் குழுவினர் உறுமிக்காரரையும் கரகம் எடுப்பாரையும் திருவிழா முடிந்ததும் பின்வாசலில் கூலி கொடுத்து அனுப்பாது, நாதசுர வித்துவானுக்குச் செய்யும் மரியாதையை அவர்க்கும் செய்க. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, பிள்ளைகளே பாடிப் பிள்ளைகளே ஆடும் கும்மியையும் கோலாட்டத்தையும் மேடையேற்றுக. அதற்குச் செலவு சில கோல்களே. கரகமும் காவடியும் அறிந்த பெரியவர்கள் இன்னும் சிலரே உள்ளனர். அவர்களைத் தேடிச் சென்று கற்க. பரதம் பயிற்றுவோர் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர்க்கேனும் பொருள் பெறாது கற்பிக்க. பெற்றோர், ஆடலைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் மகளிடம் மானத்தின் பெயரால் சலங்கையைப் பறியாதிருக்க.

இவையெல்லாம் செய்தபின், தில்லைக் கூத்தனைப் பற்றிய கீர்த்தனத்தை நாம் மீண்டும் கேட்போம். அப்பொழுது தலை அசைப்பதில் பொய் இராது. ஆடுபவரை மதியாதவன் ஆடலைப் பாடும் பாட்டில் பாதியைத்தான் கேட்டிருக்கின்றான். மறுபாதி அவன் இகழ்ந்த மனிதரின் காலடியில் கிடக்கின்றது.